நிலக்கரிச் சுரங்க மண்மேடு சரியுமா சரியாதா என்று ஆய்வாளர்கள் எதை வைத்துச் சொல்கிறார்கள்?

2023 ஏப்ரலில் வடசேரி, மைக்கேல்பட்டி, சேத்தியாத்தோப்பு கிழக்கு என்று மூன்று இடங்கள் நிலக்கரி ஏலப் பட்டியலில் வந்து, சில நாட்களிலேயே நீக்கப்பட்டன. அதற்குப் பிறகு எங்கள் ஒரத்தநாட்டுப் பக்கம் இந்தக் கேள்வியைப் பலர் கேட்டுவிட்டார்கள். நான் கொள்ளிடக் கரைப் பராமரிப்பில் இருந்துவிட்டு, பிறகு ஒடிசாவில் சுரங்க மண்மேடுகளுக்கு உறுதிக் கணக்குப் போட்டவன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

நெய்வேலி வழியாக பஸ்ஸில் போனவர்கள் அந்த மண்மலைகளைப் பார்த்திருப்பீர்கள். கரிக்கு மேலே கிடந்த மண்ணும் பாறையும்தான் அது. பார்க்கக் குன்று மாதிரி இருந்தாலும் முழுக்க உதிரி மண். உள்ளே தண்ணீர் தேங்கினால் துகள்களுக்கு இடையே நீரழுத்தம் ஏறும், மண்ணின் பிடி விட்டுப்போகும், மேடு சரியும். ஆகவே விவரம் தெரிந்த ஆய்வாளர் முதலில் தேடுவது தண்ணீர் வெளியேறும் வழியைத்தான்.

இதில் அமெரிக்க விதிகள் கறாரானவை. 1977ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வந்தவை. மேடு எழும்பும் காலம் முழுக்க, பதிவுபெற்ற பொறியாளரோ அத்துறை வல்லுநரோ மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது நேரில் பார்க்க வேண்டும். அடியில் உள்ள மேல்மண்ணையும் வேர்களையும் அகற்றும்போது, மேட்டுக்கு அடியில் தண்ணீர் வெளியேறக் கல் பரப்பி அமைக்கும் அடிவடிகாலும் அதன் வடிகட்டி அடுக்கும் போடும்போது, மேற்பரப்பு வடிகால் அமைக்கும்போதெல்லாம் தனியாகப் பார்க்க வேண்டும். சரிக்கும் விசையைப் போல ஒன்றரை மடங்கு தாங்கும் விசை இருப்பதாகக் கணக்கு காட்ட வேண்டும். எனக்கு ரொம்பப் பிடித்த விதி ஒன்று உண்டு: அடிவடிகாலை மண் போட்டு மூடுவதற்கு முன்னால் வண்ணப் புகைப்படம் எடுத்து அறிக்கையோடு வைக்க வேண்டும். மூடிய பிறகு எவ்வளவு பெரிய அதிகாரி வந்தாலும், உள்ளே கிடப்பது கெட்டிக் கல்லா, தண்ணீர் பட்டால் கரைகிற களிப்பாறையா என்று சொல்ல முடியாது.

சரி, மூடியாகிவிட்டது. இனி கண்ணால் என்ன தெரியும்? நிறையவே தெரியும். வெள்ளக் காலத்தில் ஆற்றங்கரையடியில் கசிவு கண்டால் எங்கள் லஸ்கர் (கரையைக் காவல் பார்க்கும் பணியாளர்) அந்தத் தண்ணீரைக் கையில் ஏந்திப் பார்ப்பார். தெளிவாக வந்தால் கண்காணிப்போடு சரி. கலங்கி வந்தால் கரை உள்ளே அரிக்கிறது, உடனே மணல் மூட்டைக்கு ஆள் ஓடும். மண்மேட்டு வடிகாலிலும் இதே சோதனைதான். இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்: நல்ல மழை பெய்தும் வடிகால் வாயில் சொட்டுத் தண்ணீர் இல்லை என்றால் அதுதான் பெரிய கவலை. உள்ளே எங்கோ அடைத்திருக்கலாம். மேட்டின் உச்சியில் விளிம்பை ஒட்டி வெடிப்பு ஓடியிருந்தால் இரண்டு பக்கமும் முளை அடித்து, இடைவெளியை நாள்தோறும் டேப் பிடித்து அளப்பார்கள். மேலே குட்டையாகத் தண்ணீர் நின்றாலும், அடிவாரத்துத் தரை புடைத்தாலும் குறித்துக்கொள்வார்கள்.

வேல்ஸ் நாட்டு அபர்ஃபானில் ஊற்றுக் கண்ணின் மேலேயே சுரங்கக் கழிவைக் கொட்டியிருந்தார்கள். வரைபடத்திலேயே இருந்த ஊற்று அது. 1966 அக்டோபர் 21 காலையில் அந்தக் கழிவு மேடு சேறாக இறங்கிப் பள்ளிக்கூடத்தை மூடியது. இறந்த 144 பேரில் 116 பேர் குழந்தைகள். பழைய மேடுகளையும் சேர்த்துக் கண்காணிக்க அங்கே 1969இல் தனிச் சட்டம் வந்தது.

நம் நாட்டில் இது தன்பாத்தில் தலைமையகம் உள்ள சுரங்கப் பாதுகாப்பு இயக்ககத்தின் பொறுப்பு. உதிரி மண்ணின் சாய்வு 37.5 பாகைக்கு மேல் போகக்கூடாது, 30 மீட்டருக்கு மேல் உயர்ந்தால் படிப்படியாக வெட்ட வேண்டும் என்று விதி இருக்கிறது. இருந்தும் 2016 டிசம்பர் 29 அன்று ஜார்க்கண்டின் ராஜ்மஹால் திறந்தவெளிச் சுரங்கத்தில் மேடு சரிந்து 23 தொழிலாளர்கள் இறந்தார்கள். சாய்வையும் உயரத்தையும் கருவி வைத்து ஒரே நாளில் அளந்துவிடலாம். உள்ளே நீர்மட்டம் ஏறுகிறதா என்று அறிய, குழாய் இறக்கி மாதக்கணக்கில் அளவு எடுக்க வேண்டும். என் பார்வையில் மெத்தனம் வருவது இந்த இடத்தில்தான்.

டெல்டாவுக்கு வந்தால் கணக்கே வேறு. இங்கே மலைச்சரிவு கிடையாது, சரி. ஆனால் பல இடங்களில் அடித்தளமே களிமண். ஐப்பசி கார்த்திகையில் நிலத்தடி நீர் காலடிக்கு வந்துவிடும். அப்படிப்பட்ட தரையில் சாய்வு விதிப்படி இருந்தாலும், பாரம் தாங்காமல் அடிமண்ணே வழுக்கிக்கொண்டு போகலாம். மேட்டிலிருந்து வடிகிற கலங்கல் எங்கே போகும் என்பது அடுத்த தலைவலி. ஏற்கெனவே நீரோட்டம் மந்தமான நம் வடிகால் வாய்க்கால்கள்தான் அதையும் சுமக்க வேண்டும். தூர் வாரிய மறு வருஷமே மேடு தட்டிவிடும்.

எந்த ஊரிலாவது சுரங்கத்துக்குக் கருத்துக்கேட்புக் கூட்டம் நடந்தால், "விதிப்படி செய்வோம்" என்ற பதிலோடு எழுந்து வராதீர்கள். மேடு வரப்போகும் இடத்தில் துளையிட்டு எடுத்த மண் சோதனை முடிவைக் கேளுங்கள். கோடையில் எடுத்த நீர்மட்ட அளவைக் காட்டினால், கார்த்திகையில் எடுத்தது எங்கே என்று கேளுங்கள்.