பதில்: ஒரே வயல், ஒரே மருந்து, அண்ணனுக்கு ஒன்றுமில்லை, எனக்கு மட்டும் தலையிடி

தம்பி, அண்ணனும் நீங்களும் ஒரே வயலில் ஒரே பூச்சிமருந்தை அடித்தும் உங்களுக்கு மட்டும் தலையிடிப்பது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் ஒன்று: நீங்கள் “நோஞ்சான்” இல்லை. வீட்டில் யாரும் அப்படிச் சொல்ல விடாதீர்கள்.

டயசினோன் போன்ற ஆர்கனோபொஸ்பேற்று வகைப் பூச்சிமருந்து உடலுக்குள் போனதும் கல்லீரல் அதை இன்னும் கொடிய நஞ்சாக மாற்றுகிறது. அந்த நஞ்சை உடைப்பது இரத்தத்திலுள்ள பரொக்சோனேஸ் என்ற நொதியம். அதைத் தரும் மரபணு ஆளுக்காள் சற்று வேறுபடும்; நொதியத்தின் அளவோ பெரியவர்களிடையே பத்து மடங்குக்கும் மேல் வேறுபடலாம். ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். பிறந்த குழந்தையிடம் அது மிகக் குறைவு. ஆகவே மருந்தடித்த சட்டையோடு பிள்ளையைத் தூக்காதீர்கள்.

ஆனால் எல்லாவற்றையும் மரபணுவின் தலையில் போடவும் முடியாது. கிளிநொச்சி வெயிலில் வியர்த்த முதுகில் மருந்துத் தாங்கி ஒழுகினால், உங்களுக்குப் போகும் அளவே கூடிவிடும். காற்றுக்கு எதிரே நின்றவர் யார், நீங்களா அண்ணனா?

மரபணுச் சோதனைக்குப் பணம் செலவழிக்க வேண்டாம். காலபோகத்தில் (மழைக்கால நெற்செய்கையில்) மருந்தடிக்கத் தொடங்குமுன் ஒருமுறை, அடித்த பின் ஒருமுறை கோலினெஸ்தரேஸ் (இந்த வகை மருந்து முடக்கும் நொதியம்) இரத்தப் பரிசோதனை செய்ய முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். ஆளுக்காள் இயல்பு அளவு வேறு என்பதால் ஒற்றை முடிவு அதிகம் சொல்லாது. போகும்போது மருந்துப் போத்தலின் லேபிளையும் கொண்டுபோங்கள்.

அதுவரை மருந்தடிப்பதை அண்ணனிடம் விடுங்கள், அவரும் கையுறையோடுதான். எச்சில் வடிந்தாலோ, பார்வை மங்கினாலோ, மூச்சு இறுகினாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.