வாசகர் கேள்வி – பதில்: வண்டிக்கும் விடிலிக்கும் எல்இடி விளக்கு

கேள்வி: மீன் ஏற்றும் குட்டி யானை வண்டி வைத்திருக்கிறேன். பின்பக்கக் கூண்டுக்குள் வெளிச்சத்துக்காக விலை குறைந்த எல்இடி ஸ்ட்ரிப் வாங்கி நேராக பேட்டரியில் கொடுத்தேன். இரண்டு மாதம்தான். இப்போது மூன்று மூன்று விளக்காக அணைந்துகொண்டே வருகிறது. மலிவாக வாங்கியதுதான் தப்பா?
– தங்கச்சிமடம் வாசகர்

பதில்: வாங்கியதில் தப்பில்லை, இணைத்த விதத்தில்தான் இருக்கிறது. மூன்று மூன்றாக அணைகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, விடை அதிலேயே இருக்கிறது. ஸ்ட்ரிப்பைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: மூன்று எல்இடி, நடுவில் பெரும்பாலும் 151 என்று பொடி எழுத்தில் போட்ட ஒரு ரெசிஸ்டர், அதை அடுத்து கத்தரிக்கோல் படம் போட்ட வெட்டுக்கோடு. 151 என்றால் 150 ஓம். வெள்ளை எல்இடி ஒன்று சுமார் 3.1 வோல்ட் எடுக்கும், மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக இருப்பதால் 9.3 ஆயிற்று. பேட்டரியின் 12 வோல்ட்டில் மிச்சம் 2.7 வோல்ட் ரெசிஸ்டருக்கு, அப்போது ஓடுகிற கரண்ட் 18 மில்லி ஆம்பியர். விளக்கைச் செய்தவர் போட்ட கணக்கு இவ்வளவுதான்.

ஆனால் இஞ்சின் ஓடும்போது உங்கள் வண்டியில் 12 வோல்ட் இருக்காது. ஆல்டர்னேட்டர் பேட்டரியை ஏற்ற வேண்டுமே, அதனால் 14 வோல்ட்டை ஒட்டி நிற்கும், 14.4 வரை போகும். எல்இடி தன் பங்குக்கு மேல் பெரிதாக வாங்கிக்கொள்ளாது, கூடுதலாக வருவது ஏறக்குறைய முழுவதும் ரெசிஸ்டரின் தலையில்தான் விழும். 2.7 தாங்கிக்கொண்டிருந்தது 5 வோல்ட் தாங்குகிறது. கரண்ட் இரண்டு மடங்கை நெருங்கும், ரெசிஸ்டரின் சூடு மூன்று மடங்கைத் தாண்டும். மூன்றில் ஒன்று கருகினாலும் வழி அடைபட்டு அந்த மூன்றும் சேர்ந்து அணையும்.

இதற்கு மருந்து, பக் கன்வெர்ட்டர் என்று கேட்டால் கிடைக்கிற, வோல்ட்டைக் குறைத்து ஒரே அளவில் தருகிற தீப்பெட்டி அளவு போர்டு. எல்எம் 2596 சிப் வைத்தது போதும். மேலே ஒரு சின்ன பித்தளைத் திருகு இருக்கும். உள்ளே போகிற இரண்டு வயரை பேட்டரியில் கொடுத்துவிட்டு, விளக்கை இணைக்காமல், வெளியே வருகிற இடத்தில் மல்டிமீட்டரை வைத்துத் திருகைத் திருப்புங்கள். முதல் பல சுற்றுகளுக்கு எண் அசையவே அசையாது, பழுதான போர்டு என்று நினைத்துவிடாதீர்கள், திருப்பிக்கொண்டே இருந்தால் ஒரு கட்டத்தில் மாறத் தொடங்கும். 11.5 வோல்ட்டில் நிறுத்துங்கள். வெளிச்சம் குறைந்தது கண்ணுக்குத் தெரியவே தெரியாது. இந்தச் சிப்புக்கு 3 ஆம்பியர் என்று போட்டிருப்பார்கள், நான் 2 ஆம்பியருக்கு மேல் ஏற்ற மாட்டேன். மீட்டருக்கு 60 விளக்கு உள்ள 2835 வகை ஸ்ட்ரிப் என்றால் மீட்டருக்கு 4.8 வாட், அதாவது 0.4 ஆம்பியர். உங்கள் கூண்டுக்கு இரண்டு மீட்டர் தாராளம்.

ஃபியூஸ் போடாமல் இணைக்காதீர்கள். பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 2 ஆம்பியர் ஃபியூஸ் இருக்க வேண்டும். விளக்குக்குப் பக்கத்தில் போட்டால் பயனில்லை, நடுவழியில் வயர் உரசித் தகரத்தில் பட்டால் பற்றி எரியப்போவது பேட்டரிக்கும் விளக்குக்கும் இடையில் ஓடுகிற வயர்தான்.

அப்புறம் உப்பு. போன மாதம் மண்டபத்தில் ஒரு வண்டியிலிருந்து கழற்றிய ஸ்ட்ரிப்பை மேசையில் வைத்துப் பிரித்தேன். மேலே சிலிகான் பூச்சு புதிது போலவே இருந்தது. ஆனால் வெட்டிய முனையில், சால்டர் வைத்த இடத்தில், மயில்துத்தம் போலப் பச்சைப் பொடி, விரலால் தொட்டதும் வயர் கையோடு வந்துவிட்டது. வயரின் தோலைச் சீவினால் இரண்டு அங்குலம் வரை செம்பு கறுத்துக் கிடக்கிறது. காற்றிலேயே உப்பு இருக்கிற நம் பக்கத்தில், மீன் பெட்டித் தண்ணீரும் வழிகிற வண்டியில், தண்ணீர் நுழைவது எப்போதும் வெட்டிய முனை வழியாகத்தான். அதனால் சால்டர் வைத்ததும் சிலிகான் பசையால் மூடி, மேலே ஹீட் ஷ்ரிங்க் குழாய் போட்டுச் சூடாக்குங்கள். பசை வாங்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பிதுக்கினால் வினிகர் வாசம் அடிக்கிற வகை வேண்டாம். காயும்போது அது அசெட்டிக் அமிலத்தை விடும், காக்க வேண்டிய செம்பையே அரிக்கும். நியூட்ரல் க்யூர் என்று போட்டதைக் கேட்டு வாங்குங்கள். வயரும் வெள்ளீயம் பூசியது கிடைத்தால் நல்லது, கிடைக்காவிட்டால் திருகு முனைகளில் வாசலின் தடவி வையுங்கள்.

கேள்வி: அண்ணா, பதனீர்க் காலத்தில் நான்கு மாதம் பதனீர் காய்ச்சும் ஓலைக்குடிசையான பனங்காட்டு விடிலியிலேயே இருக்கிறோம், கரண்ட் கிடையாது. வீட்டில் பழைய யுபிஎஸ் பேட்டரி ஒன்று, 12 வோல்ட் 7 ஏஎச் என்று போட்டது இருக்கிறது. ஒரு விளக்காவது எரியுமா? வீட்டில் போடுகிற 9 வாட் பல்பையே போடலாமா?
– சாயல்குடி வாசகி

பதில்: வீட்டு பல்பு வேண்டாம் தங்கச்சி. அது 230 வோல்ட்டுக்குச் செய்தது, 12 வோல்ட்டில் கண்ணே திறக்காது. பார்க்க அப்படியே இருக்கிற 12 வோல்ட் டிசி பல்பு சோலார் கடைகளில் கிடைக்கும், ஆனால் விடிலிக்கு அதுவும் அதிகம். மேலே சொன்ன ஸ்ட்ரிப்பில் அரை மீட்டர் வெட்டிக்கொள்ளுங்கள், 0.2 ஆம்பியர்தான் இழுக்கும். லெட் ஆசிட் பேட்டரியைப் பாதிக்கு மேல் இறக்கினால் ஆயுள் போய்விடும், ஆகவே 3.5 ஏஎச், அதாவது 3.5 ஆம்பியர் மணிதான் நம் கையில் உள்ளது என்று வையுங்கள். பதினேழு மணி நேரம் வருகிறது. பழைய பேட்டரி என்பதால் அதிலும் பாதியை நம்புங்கள். ராத்திரிக்கு நான்கு மணி நேரம் எரித்தால் இரண்டு நாள் வரும். அதற்குள் ஏற்றிவிட வேண்டும். இஞ்சின் இல்லாததால் உங்களுக்கு பக் கன்வெர்ட்டர் தேவையில்லை, ஃபியூஸ் மட்டும் கட்டாயம்.

ஏற்றுவதற்கு 20 வாட் சோலார் தகடு போதும், நம் ஊர் வெயிலுக்கு அரை நாளில் ஏறிவிடும். தகட்டுக்கும் பேட்டரிக்கும் நடுவே சார்ஜ் கன்ட்ரோலர் வேண்டும். 12 வோல்ட் தகடு என்று சொன்னாலும் சும்மா இருக்கும்போது அதில் 20 வோல்ட்டுக்கு மேல் நிற்கும், விளக்கை நேரே அதில் கொடுத்தால் கருகிவிடும். ஸ்ட்ரிப்பை அடுப்புக்கு நேர்மேலே கட்டாமல் வாசல்பக்கக் கம்பில் கட்டுங்கள், ஆவியும் புகையும் படிந்து ஒரே வாரத்தில் மங்கிவிடும். சூட்டில் பின்பக்கப் பசையும் விட்டுவிடும், கேபிள் டை போட்டுக் கட்டுவதுதான் நிற்கும்.

உங்கள் விடிலி கடற்கரையை ஒட்டியிருந்தால் ஒரு வேண்டுகோள். ஜனவரி தொடங்கி சில மாதங்கள் நம் கரையில் பங்குனி ஆமை முட்டையிடும் காலம். குஞ்சுகள் வெளிச்சத்தைப் பார்த்துத்தான் கடலுக்கு வழி தேடும், கரையில் வெள்ளை விளக்கு எரிந்தால் விளக்கை நோக்கி வந்து காலை வெயிலில் காய்ந்து செத்துப்போகும். கடல் பக்கம் ஓலைத் தட்டி வைத்து மறையுங்கள், முடிந்தால் ஆரஞ்சு நிற ஸ்ட்ரிப் வாங்குங்கள்.

கேள்வி: நண்பர்களோடு கடற்கரையில் கூடாரம் போட்டுத் தங்குவோம். பவர் பேங்கில் சின்ன யுஎஸ்பி விளக்கு போட்டால் அரை நிமிடத்தில் தானாக அணைந்துவிடுகிறது.
– கீழக்கரை வாசகர்

பதில்: விளக்கு இழுக்கிற கரண்ட் ரொம்பக் குறைவு, போன் ஏறி முடிந்துவிட்டது என்று பவர் பேங்க் நினைத்துக்கொள்கிறது. கூட இன்னொரு விளக்கைச் சேர்த்துப் போடுங்கள், நிற்கும். 10,000 எம்ஏஎச் பவர் பேங்கில் 5 வாட் விளக்கு ஆறு மணி நேரம் எரியும். கூடாரம் தனுஷ்கோடியில் வேண்டாம், இருட்டிய பிறகு அங்கே தங்க விடமாட்டார்கள். மன்னார் வளைகுடாத் தீவுகள் இருபத்தொன்றுமே தேசியப் பூங்காவுக்குள் வருகின்றன, அனுமதியில்லாமல் கால் வைக்கக்கூடாது.

கேள்வி: நாட்டுப்படகில் பக் கன்வெர்ட்டர் போட்டு விளக்கு வைத்ததிலிருந்து விஎச்எஃப் வயர்லெஸ் செட்டில் ஒரே இரைச்சல், கரையிலிருந்து கூப்பிடுவது கேட்கவில்லை.
– ஏர்வாடி வாசகர்

பதில்: உடனே சரிசெய்ய வேண்டிய விஷயம் இது, கடலில் உங்களுக்கு உள்ள ஒரே தொடர்பு அதுதான். பக் கன்வெர்ட்டர் நொடிக்கு லட்சத்துக்கு மேற்பட்ட தடவை கரண்ட்டை வெட்டி வெட்டி விடும், அந்தச் சத்தம் வயர் வழியாக ஆன்டெனாவுக்கு ஏறுகிறது. படகில் அதை எடுத்துவிட்டு எல்எம் 317 சிப்பைப் போடுங்கள். அதிகமான வோல்ட்டைச் சூடாகக் கழிப்பதால் ஹீட் சிங்க் (சூட்டை இழுக்கும் உலோகத் தகடு) வேண்டும், ஆனால் ரேடியோவில் சத்தமே வராது. அதில் சுமார் 2 வோல்ட் போய்விடும், இஞ்சின் நின்றிருக்கும்போது விளக்கு மங்கலாகத்தான் எரியும். ஒரே சிப்பில் ஒரு மீட்டருக்கு மேல் கொடுக்காதீர்கள்.

விளக்கு வலை பார்க்கவும் படகில் நடமாடவும் மட்டும் இருக்கட்டும். வெளிச்சம் காட்டி மீனை வரவழைத்துப் பிடிப்பதை 2017-லேயே மத்திய அரசு தடைசெய்துவிட்டது. மாற்றி முடித்ததும் துறையிலேயே வைத்து, செட்டில் இரைச்சலை அடக்குகிற ஸ்கெல்ச்சைக் குறைத்து, விளக்கை நாலைந்து தடவை போட்டு அணைத்துக் கேட்டுப் பாருங்கள். விளக்கு எரியும்போது இரைச்சல் ஏறவில்லை என்றால் படகை எடுக்கலாம்.