"மெசேஜ் போட்டேன், பதிலே வரலை!" – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஆடைகள் தைத்து இன்ஸ்டாகிராமிலும் சொந்த இணையதளத்திலும் விற்கிறேன். மெசேஜ் போட்டும் பதில் இல்லை என்று பலர் குறைப்படுகிறார்கள். என் இன்பாக்ஸில் அப்படி எதுவுமே இல்லையே?

பதில்: வந்திருக்கும், நீங்கள் பார்க்காத இடத்தில் கிடக்கும். நீங்கள் பின்தொடராதவர்கள் அனுப்பும் மெசேஜ் பெரும்பாலும் ‘ரிக்வெஸ்ட்’ பகுதிக்குத்தான் போகும். சிலது அதற்குள்ளே இருக்கும் ‘மறைக்கப்பட்ட ரிக்வெஸ்ட்’டில் போய் ஒளிந்துகொள்ளும். முதன்முறை வாங்க வருகிறவரை நீங்கள் பின்தொடர்ந்திருக்க வாய்ப்பில்லை. ஆக, கைநழுவிப் போவது பெரும்பாலும் புது வாடிக்கையாளர்கள்தான். காலை ஒரு முறை, மாலை ஒரு முறை இரண்டையும் திறந்து பாருங்கள்.

இணையதளத்தின் தொடர்புப் படிவத்தையும் சோதியுங்கள். பல படிவங்கள் வாடிக்கையாளரின் மின்னஞ்சலையே அனுப்புநர் முகவரியாகப் போட்டுவிடும். உங்கள் சர்வரிலிருந்து கிளம்பும் மெயிலில் வேறொருவர் முகவரி இருந்தால், மெயில் சேவை அதைப் போலி என்று எண்ணி ஸ்பாமில் தள்ளும். சில சமயம் ஏற்கவே ஏற்காது. அனுப்பியவருக்கோ ‘நன்றி, உங்கள் செய்தி கிடைத்தது’ என்று திரையில் காட்டும். அவர் காத்திருப்பார், உங்களுக்குத் தெரியவே தெரியாது. அனுப்புநர் இடத்தில் உங்கள் டொமைன் (இணையதளப் பெயர்) கொண்ட மின்னஞ்சல் முகவரியும், ‘ரிப்ளை டு’ (பதில் போய்ச் சேரும் முகவரி) இடத்தில் வாடிக்கையாளர் முகவரியும் வரும்படி மாற்றுங்கள். பிறகு மாதம் ஒரு முறை வேறொரு மெயில் கணக்கிலிருந்து நீங்களே படிவத்தை நிரப்பி அனுப்பிப் பாருங்கள்.

கேள்வி: இரவு 11 மணிக்கும் அளவு கேட்கிறார்கள். எந்நேரமும் பதில் சொல்லிக்கொண்டே இருக்க முடியுமா?

பதில்: வேண்டியதில்லை. எப்போது பதில் வரும் என்று தெரிந்தால் பெரும்பாலோர் காத்திருப்பார்கள். வாட்ஸ்அப் பிசினஸில் வேலை நேரத்தைப் பதிந்து, ‘அவே மெசேஜ்’ (நீங்கள் இல்லாத நேரத்தில் தானாகப் போகும் பதில்) வையுங்கள்: “நாளை காலை 10 முதல் 12 மணிக்குள் பதில் தருகிறோம். ஆர்டர் பற்றியது என்றால் ஆர்டர் எண்ணையும் அனுப்புங்கள்.” சொன்ன நேரம் தவறினால், அந்த மெசேஜே இல்லாமல் இருந்திருக்கலாம் என்றாகிவிடும்.

அளவுக் கேள்வி குறைய வேண்டுமென்றால் ‘எம்’, ‘எல்’ மட்டும் போதாது. ஆடையைச் சமதளத்தில் சுருக்கமின்றி விரித்து, பட்டன்களைப் போட்டு, ஓர் அக்குள் தையலிலிருந்து மறு அக்குள் தையல் வரை அளவெடுங்கள். 50 செ.மீ. வந்தால் மார்புச் சுற்று 100 செ.மீ. இது ஆடையின் அளவு, உடம்பின் அளவல்ல என்று கட்டாயம் எழுதுங்கள். இழுபடாத துணியில் 8 முதல் 10 செ.மீ. வரை லூஸ் வேண்டும், 100 செ.மீ. உடம்புக்காரர் 100 செ.மீ. சட்டையை வாங்கினால் பட்டன் போட்டதும் மார்பில் பிடிக்கும், அப்படியே திரும்பி வரும். இந்த விளக்கத்தை வாட்ஸ்அப் பிசினஸின் ‘குவிக் ரிப்ளை’யில் சேமித்துக்கொண்டால் ஒவ்வொரு முறையும் தட்டச்சு செய்ய வேண்டாம்.

கேள்வி: இன்ஸ்டாகிராம் மட்டும் போதாதா?

பதில்: போதாது. கணக்கு முடங்கினால் ஏற்கெனவே பணம் கட்டியவர்கூட உங்களைத் தேடிப் பிடிக்க முடியாது. மின்னஞ்சல் முகவரியையும் தொழிலுக்கென்றே வாங்கிய தனி ஃபோன் எண்ணையும் பார்சலுக்குள் வைக்கும் பில்லில் அச்சிடுங்கள். பார்சல் உறையில் மட்டும் போட்டால் குப்பைக்குப் போய்விடும்.