அந்த பெட்டிய கடைக்கு போட்றாதீங்க

கேள்வி: எங்க அப்பிச்சியோட தம்பி சேசு சபை (ஜெசூயிட்) சாமியாருங்க, வெளியூர் காலேஜ்ல ரொம்ப வருசம் பிரின்சிபாலா இருந்தவரு. அவரோட ட்ரங்க் பெட்டி எங்க வீட்டு அட்டாலில கெடக்குது. டைரி, லெட்டரு, மேடைல பேச எழுதி வச்ச நோட்டு எல்லாம் இருக்குதுங்க. பசங்க பழைய பேப்பர் கடைக்கு போடலாங்கறாங்க. என்ன பண்றது? – வாசகி, சோமனூர்

பதில்: வேண்டாங்கம்மா, தயவு செஞ்சு போட்றாதீங்க. சபை சாமியாருங்க ஏழ்மை வார்த்தைப்பாடு, அதாவது தனக்குன்னு சொத்து வச்சுக்க மாட்டேன்னு சத்தியம், குடுத்தவங்க, அவங்க பேப்பரெல்லாம் சபைக்குத்தான் போய் சேரணும். கோடைக்கானல் பக்கத்துல செண்பகனூர்ல மதுரை மாகாண சேசு சபையோட ஆவணக் காப்பகம் இருக்குது, இல்லீன்னா அவரு இருந்த காலேஜ்லயே கேளுங்க.

ஆண்டு விழா பேச்செல்லாம் காலேஜ் மலர்ல எப்படியும் அச்சாயிருக்கும். ஆனா ‘பருத்தி வித்ததும் மீதி ஃபீஸ கட்டிடறேனுங்க சாமி’ன்னு ஒரு அப்பா எழுதுன கார்டும், அது ஓரத்துல ஃபாதர் பென்சில்ல ‘சரி’ன்னு போட்டதும் உள்ள இருந்துச்சுன்னா அது வேற எங்கயும் கெடைக்காது, யாரு வீட்டுப் பசங்க எப்படி படிச்சு மேல வந்தாங்கங்கற கதையே அதுலதான் இருக்குது. ஜெரோம் டிசூசா அடிகளார பாருங்க, திருச்சி ஜோசப்ஸ்லயும் சென்னை லயோலாவுலயும் பொறுப்புல இருந்தவரு, அரசியல் நிர்ணய சபையிலயும் உக்காந்தாரு. அமெரிக்காவுல நோட்ரடேம் யுனிவர்சிட்டிய 1952ல இருந்து 1987 வரைக்கும் நடத்துன ஹெஸ்பர்க் அடிகளார், அங்க சிவில் உரிமை கமிஷன்லயும் 15 வருசம் இருந்தாரு, அவரு பேப்பர்கள அந்த யுனிவர்சிட்டி காப்பகமே வச்சு பாதுகாக்குது. இப்படிப்பட்டவங்க மேசை மேல காலேஜ் சமாச்சாரமும் நாட்டு சமாச்சாரமும் கலந்துதான் கெடந்துருக்கும்.

தேதி வாரியா அடுக்கறேன்னு கட்ட பிரிச்சு கலைச்சிறாதீங்க, எந்த லெட்டரு எதோட இருந்துச்சோ அப்படியே இருக்கட்டும், போன்ல ஒரு போட்டோ எடுத்துக்குங்க. துருப்பிடிச்ச குண்டூசி, ரப்பர் பேண்ட மட்டும் பதமா எடுங்க. செல்லோ டேப், லேமினேஷன் ரெண்டும் ஆகவே ஆகாது. பசங்க மேல எடுத்த நடவடிக்கை, சொந்த கஷ்டம் சொன்ன லெட்டரெல்லாம் இருக்கும், அத வாட்ஸ்அப்ல போடாதீங்க, பாவம், அவங்க குடும்பமெல்லாம் இன்னைக்கும் இருக்கும்.

கேள்வி: கோயமுத்தூர் பக்கம் பள்ளிக்கூடம் நடத்துன பழைய சாமியாருங்க கடிதம் எங்க கெடைக்கும்? – மாணவர், கோபி

பதில்: இங்க பல காலம் வேலை பாத்தது பாரிஸ் வெளிநாட்டு மிஷன் சபை, அதனால அவங்க எழுதுன கடிதம் நெறைய பாரிஸ்லதான் தம்பி இருக்குது, பிரெஞ்சுல. கோயமுத்தூர் தனி மறைமாவட்டமா (ஒரு பிஷப்புக்கு கீழ வர்ற பகுதியா) ஆனது 1886ல. 1983 திருச்சபை சட்டப்படி ஒவ்வொரு மறைமாவட்டமும் ஆவணக் காப்பகம் வச்சே ஆகணும், அதனால மொதல்ல ஆயர் (பிஷப்) இல்லத்துக்கு உங்க கைடு கிட்ட ஒரு லெட்டர் வாங்கிட்டு போங்க.