சுவரில் ஒட்டிய காகிதத்துக்கு ஏன் இத்தனை பாதுகாப்பு?

இங்கிலாந்தின் பழைய மாளிகைகளில் வெறும் சுவர்த்தாளுக்காக அறையை இருட்டாக்கிக் கயிறு கட்டி வைத்திருக்கிறார்களே, அது அவ்வளவு பெரிய பொருளா என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரே நாளில் மூன்று மாளிகைகளைச் சுற்றிக்காட்டும் பேருந்துப் பயணத்தில் வந்துபோனவராக இருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். வட இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் வசிக்கும் நான், ஊரிலிருந்து வரும் உறவினர்களிடமிருந்து இதே கேள்வியைக் கேட்டுக் கேட்டுச் சலித்தவன்.

18ஆம் நூற்றாண்டில் சீனாவின் காண்டன் துறைமுகத்திலிருந்து கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்களில் இங்கே வந்து சேர்ந்த சீனச் சுவர்த்தாள்கள் பெரும்பாலும் கையால் தீட்டப்பட்டவை. ஓர் அறைக்கு வேண்டிய தாள்களை ஒரே தொகுதியாகத் தீட்டியதால், ஒரு தாளில் கிளம்பும் கிளை அடுத்த தாளில் போய்ப் பூக்கும். இணைப்புத் தெரியும் இடங்களில் தனியாக வெட்டிய பறவைகளையும் பூக்களையும் ஒட்டி மறைப்பார்கள்.

லீட்ஸை ஒட்டியுள்ள டெம்பிள் நியூசம் மாளிகையின் நீல வரவேற்பறையில் இருப்பது அத்தகைய தாள்தான். பிற்காலத்தில் நான்காம் ஜார்ஜ் மன்னரான இளவரசர், 1806இல் அம்மாளிகையின் வாரிசான ஹெர்ட்ஃபோர்ட் சீமாட்டிக்கு அதைப் பரிசளித்தார். இருபது ஆண்டுகளுக்கும் மேல் கழித்தே அது சுவரேறியது. சிவகாசியில் காலண்டர் அச்சகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற என் மாமாவை அங்கே அழைத்துப் போயிருந்தேன். கயிற்றுக்கு இப்பால் நின்று வெகுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "மாப்ளே, அந்தப் பறவை மட்டும் தூரிகை வேலை இல்லை, தகட்டில் அடிச்சது" என்றார். உண்மைதான். தாளில் பறவைகள் போதவில்லை என்று கருதிய அந்தச் சீமாட்டி, அப்போது புதிதாக வெளிவந்துகொண்டிருந்த பறவை ஓவியர் ஆடுபானின் 'அமெரிக்கப் பறவைகள்' நூலிலிருந்து சிலவற்றை வெட்டி ஒட்டிவிட்டார். அந்நூலின் முழுப் பிரதி ஒன்று 2010இல் லண்டன் ஏலத்தில் எழுபது லட்சம் பவுண்டுக்கு மேல் விலைபோனது. அதைச் சொன்னபோது மாமா வாயடைத்துப் போகவில்லை. ஒட்டிய கை சுத்தமான கை என்று மட்டும் பாராட்டினார். கையேட்டைப் படிக்காமலே அவர் கண்டுபிடித்ததில் எனக்கு இன்றும் பெருமை உண்டு.

அடிமை வணிகத்திலும் கரும்புத் தோட்டங்களிலும் சேர்த்த பணத்தின் ஆடம்பரத்தை நான் புகழ்வதாகச் சிலர் சினக்கக்கூடும். லீட்ஸுக்கு அருகே, இதேபோன்ற சீனத் தாள் உள்ள ஹேர்வுட் மாளிகை அத்தகைய பணத்தில் எழுந்ததுதான். அதை நான் மறுக்கவில்லை. என் மனத்தாங்கல் வேறு. பரிசளித்த இளவரசரின் பெயர் நிற்கிறது, வெட்டி ஒட்டிய சீமாட்டியின் பெயர் நிற்கிறது, ஹேர்வுட்டில் 1769இல் தாளைப் பொருத்திய தச்சுக்கலைஞர் சிப்பன்டேலின் பெயரும் நிற்கிறது. தீட்டிய சீன ஓவியர்களுடைய பெயர்களைத்தான் யாரும் எழுதி வைக்கவில்லை.

இருட்டைப் பற்றிக் குறைப்பட்டிருந்தீர்கள். வெளிச்சம் பட்டு வெளுத்த வண்ணம் திரும்பி வராது என்பதால்தான் திரை இறக்கி வைக்கிறார்கள். ஹேர்வுட் தாள் பளிச்சென்று இருப்பதற்கு, 19ஆம் நூற்றாண்டில் அதைக் கழற்றிச் சுருட்டித் துணியில் பொதிந்து வைத்திருந்ததே காரணம். 1988இல் வெளிக்கட்டடம் ஒன்றில் அகப்பட்ட அது, 2008இல் மீண்டும் சுவரேறியது. அடுத்த முறை அங்கே போனால், நெல் விளைவிப்பதும் தேயிலை பதப்படுத்துவதும் பட்டு நெய்வதும் அதில் வரிசையாகத் தீட்டப்பட்டிருப்பதைச் சற்று நின்று பாருங்கள்.