வளரும் பருவப் படங்களில் படப்பிடிப்புத் தவறுகளை எப்படிக் கண்டுபிடிப்பது? கதையில் பதில் கிடைக்காத கேள்விகளும் தவறுகள்தானா?

எனக்குச் சொந்த ஊர் பேரணாம்பட்டு. சில வருஷங்களுக்கு முன் வேலூர், குடியாத்தம் பக்கம் எடுத்த ஒரு சின்னப் படத்தில் உதவி இயக்குநராக இருந்தேன். பன்னிரண்டு வயதுப் பையனின் கதை, 1995, 96ல் நடப்பது. கன்டினியூட்டி என் பொறுப்பு. போன ஷாட்டில் பையன் மேல் பட்டன் போட்டிருந்தானா, பை எந்தத் தோளில் இருந்தது, டம்ளரில் டீ எவ்வளவு மிச்சம் என்று எழுதிவைப்பதுதான் நாள் முழுக்க வேலை. அந்த அனுபவத்தை வைத்தே இந்தப் பதில்.

முதல் தடவை பார்க்கும்போது தவறு தேடாதீர்கள். முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிற வரைக்கும் எதுவும் கண்ணில் படாது, எடிட்டர் அந்தத் தைரியத்தில்தான் வெட்டுகிறார். இரண்டாம் தடவை சத்தத்தை நிறுத்திவிட்டு ஓரங்களைப் பாருங்கள். நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று பாருங்கள். ஒரே உரையாடலில் ஒருவர் பக்கத்து ஷாட்டைக் காலையிலும் மற்றவர் பக்கத்தை மதியத்துக்கு மேலும் எடுத்திருந்தால் நிழல் காட்டிக்கொடுத்துவிடும். வேலூர் வெயிலில் எடுத்த படமென்றால் சட்டை முதுகைப் பாருங்கள். ஒரு ஷாட்டில் வியர்வை திட்டுத்திட்டாக இருக்கும், அடுத்த ஷாட்டில் சட்டை காய்ந்திருக்கும். நடுவில் சாப்பாட்டு பிரேக் விட்டு, அதே மாதிரி தைத்த இன்னொரு சட்டையை மாட்டிவிட்டிருப்பார்கள்.

இதெல்லாம் எந்தப் படத்துக்கும் பொது. வளரும் பருவப் படத்தில் உண்மையான சிக்கல் பையனின் உடம்பு. எங்கள் முதல் ஷெட்யூல் மே மாதம். பணம் புரட்டி இரண்டாவது ஷெட்யூல் ஆரம்பிக்க நவம்பர் ஆகிவிட்டது. அந்த ஆறு மாதத்தில் பையன் விறுவிறுவென்று வளர்ந்துவிட்டான். மே மாதம் அப்பாவின் பெரிய சைக்கிளில் குரங்குப் பெடல் போட்டுப் போனான், அவ்வளவு அழகாக இருந்தது. நவம்பரில் அதே காட்சியின் மீதியை எடுத்தபோது பாருக்குக் கீழே கால் விட்டால் முட்டி இடித்தது. சீட்டில் உட்கார வைத்தால் கால் எட்டியது! வேறு வழியில்லாமல் இடுப்புக்கு மேலே மட்டும் எடுத்தோம். இந்த மாதிரிப் படங்களில் சைக்கிள் ஓட்டும் பையனை ஓரிடத்தில் முழுசாகவும் அடுத்து மார்பளவிலும் காட்டினால், அரைக்கால் சட்டைக்கும் முட்டிக்கும் நடுவில் உள்ள தூரத்தை அளந்து பாருங்கள். பின்னால் இருந்த மலையும் மாறியிருந்தது. மே மாதம் மொட்டைப் பாறை, நவம்பர் மழைக்குப் பிறகு பச்சை. ஒரே சாயங்காலத்தில் மலைக்குப் பச்சை பூசிய படம் எங்களுடையது.

அபு என்ற சிறுவனும் அவன் அக்கா துர்காவும் வளரும் கதையான பதேர் பாஞ்சாலி என்ற வங்காளப் படத்தை சத்யஜித் ராய் 1955ல் வெளியிட்டார். அதை எடுத்து முடிக்க மூன்று வருஷத்துக்குக் கிட்டத்தட்ட ஆனது. பணமில்லாமல் நின்று நின்று எடுத்த படம். அபுவின் குரல் உடையவில்லை, துர்கா வளர்ந்துவிடவில்லை, பாட்டியாக நடித்த அம்மா சாகவில்லை, இந்த மூன்றும் நடந்ததே அதிசயம் என்று அவரே சொல்லியிருக்கிறார். நாணல் பூக் காட்சியை ஒரு நாள் எடுத்துவிட்டு அடுத்த வாரம் போனால் பூவையெல்லாம் மாடு மேய்ந்துவிட்டது. அடுத்த வருஷம் மறுபடி பூக்கும்வரை காத்திருந்தார். மிட்டாய்க்காரராக நடித்தவர் பாதியில் இறந்துபோக, இன்னொருவரை முதுகுப்பக்கமாகக் காட்டி முடித்தார். நாயும் செத்து வேறு நாய் வந்தது. நான் அந்தப் படத்தை நாலைந்து தடவை பார்த்தபிறகுதான் இதைப் படித்தேன். ஒன்றைக்கூட நானாகக் கண்டுபிடித்ததில்லை. துர்காவும் அபுவும் மிட்டாய்க்காரர் பின்னால் ஓடும்போது யார் அவர் முகத்தைப் பார்க்கிறார்கள்?

அடுத்தது காலத் தவறு. இதில் எங்கள் படம் மோசமாகவே சறுக்கியது. 1995ல் நடக்கும் காட்சியில் அம்மா எடுத்துக் கொடுக்கும் பத்து ரூபாய் நோட்டில் காந்தி படம். காந்தி வரிசை நோட்டுகள் வந்ததே 1996ல்தான். பார்த்தும் நான் விட்டுவிட்டேன், இன்னும் உறுத்துகிறது. ஊர்த் தவறு ஊர்க்காரர்களுக்கு மட்டுமே தெரியும். வேலூர்க் கோட்டையிலிருந்து பாலாற்றுப் பாலம் தாண்டிக் காட்பாடி போகிறவன் வழியில், எதிர்ப்பக்கம் இருக்கும் பாகாயம் வந்தால் வேலூர்க்காரர்கள் தியேட்டரிலேயே குரல் கொடுப்பார்கள். கதை 1979ல் நடக்கிறது, கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் சன்னதியில் பாட்டி அர்ச்சனை செய்கிறாள் என்றால் அதுவும் தப்பு. சாமி இல்லாத கோயில், ராஜா இல்லாத கோட்டை, தண்ணியில்லாத ஆறு என்று எங்கள் பக்கம் சொல்வார்களே, அந்தக் கோயிலுக்கு லிங்கம் திரும்பி வந்தது 1981ல். ஆனால் அவசரப்படவும் கூடாது. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்குப் பிறகும் பெரியவர்கள் சாகும்வரை துதிக்கை போட்ட பழைய 'லை'யைத்தான் எழுதினார்கள். 1995ல் தாத்தாவின் கடிதத்தில் அது இருந்தால் சரியாகவே இருக்கிறது என்று அர்த்தம்.

இனி கதைக் கேள்விகள். எங்கள் படத்தில் சைக்கிளை அடகு வைக்கிறார்கள், இரண்டு காட்சி தள்ளிப் பையன் அதே சைக்கிளில் பள்ளிக்கூடம் போகிறான். இது சுத்தமான ஓட்டை. மாமா மீட்டுக்கொண்டு வரும் காட்சியை எடுத்திருந்தோம், படம் நீளமென்று எடிட்டிங்கில் போய்விட்டது. பையனுக்குத் தெரிந்திருக்க வேண்டிய ஒன்று நமக்குத் தெரியாமல் போனால் தாராளமாகத் தவறென்று எழுதுங்கள்.

பையனுக்கே தெரியாத விஷயம் வேறு கணக்கு. இரண்டாம் பாதியில் அப்பா வேலைக்குப் போகாமல் வீட்டிலேயே இருக்கிறார், ஏன் என்று கடைசிவரை யாரும் சொல்வதில்லை. பார்த்தவர்கள் பலர் என்னிடம் கேட்ட கேள்வி இதுதான். எங்கள் நைனா, அதாவது அப்பா, ஒரு தோல் ஷாப்பில், தோல் பதனிடும் இடத்தில், கூலி வேலை பார்த்தார். 1996ல் ஒரு நாள் போகவில்லை, மறுநாளும் போகவில்லை. அம்மாவைக் கேட்டேன். "உனுக்கு இன்னாத்துக்கு அது? போய்ப் படி" என்றாள். அந்த ஆகஸ்ட் 28ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தோல் கழிவு வழக்கில் தீர்ப்புச் சொன்னதும், ஒவ்வொரு தோல் ஷாப்புக்கும் 10,000 ரூபாய் அபராதம் போட்டதும், சுத்திகரிப்பு வசதி இல்லாதவற்றை மூடச் சொன்னதும் காலேஜுக்குப் போனபிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். பன்னிரண்டு வயதில் எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. நைனாவின் வேலை லுங்கி நாற்றம் அடிக்கும் என்று அம்மா அதற்குத் தனிக் கொடி கட்டியிருந்தாள். அந்தக் கொடி காலியாகவே கிடந்தது.

இதை டைரக்டரிடம் சொன்னேன். முதல் பாதி முழுக்க வீட்டுக்குப் பின்னால் அந்தக் கொடியில் லுங்கி தொங்கும். இரண்டாம் பாதியில் இருக்காது. படம் வந்தபிறகு ஒருவர் தவறுகளைப் பட்டியல் போட்டிருந்தார். "பின்னால் தொங்கிய லுங்கி திடீரென்று காணோம், கன்டினியூட்டி பிழை" என்று அதிலும் ஒரு வரி. லுங்கியைக் கொடியிலிருந்து எடுத்தது நான்தான்.