துபாயில் இருக்கும் வாடிக்கையாளர், இன்டீரியர் வேலைக்காக என் பெயருக்கே பவர் (பவர் ஆஃப் அட்டர்னி, அதாவது அவர் சார்பில் செயல்பட அதிகாரம் தரும் பத்திரம்) எழுதித் தருகிறேன் என்கிறார். வாங்கலாமா?

வாங்க வேண்டாம். அவர் உங்களை அந்த அளவுக்கு நம்புகிறார் என்பது பெரிய விஷயம். அந்த நம்பிக்கை கடைசி பில் வரைக்கும் நிற்க வேண்டும் என்பதற்காகத்தான் வேண்டாம் என்கிறேன். பவர் கட்டாயம் தேவை என்றால் அவர் வீட்டு ஆள் ஒருவர் பெயரில் இருக்கட்டும்.

நானும் பாளையங்கோட்டையில் இதே தொழில்தான் செய்கிறேன். மேலப்பாளையம், கடையநல்லூர், அம்பாசமுத்திரம் என்று எந்தப் பக்கம் வேலை எடுத்தாலும், வீட்டுக்காரர் வளைகுடாவில் இருப்பது நம் ஊரில் சாதாரணம். "அண்ணாச்சி, உங்க பேர்லயே பவர் எழுதித் தந்துருதேன், எல்லாத்தையும் நீங்களே பாத்துக்கிடுங்க" என்று எனக்கும் சொல்லியிருக்கிறார்கள். வேண்டாம் என்றுதான் சொல்லி வருகிறேன்.

காரணம் இதுதான். ஒப்பந்தம் போட்டு வேலை செய்யும்போது நீங்கள் ஒரு தரப்பு, அவர் ஒரு தரப்பு. பவர் வாங்கிய அந்த நிமிடம் நீங்கள் அவருடைய முகவர். 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டம் முகவருக்குப் பல கடமைகளை விதிக்கிறது. கேட்டபோது கணக்குக் காட்ட வேண்டும். முக்கிய விவரங்களைச் சொல்லி அனுமதி வாங்காமல், அந்த வேலையில் தன் சொந்த வியாபாரத்தைக் கலக்கக் கூடாது. அப்படிக் கலந்து விவரத்தை மறைத்திருந்தாலோ, அவருக்கு நஷ்டம் வந்திருந்தாலோ அவர் அந்தப் பேரத்தையே ஏற்க மறுக்கலாம். அவருக்குத் தெரியாமல் முகவர் அடைந்த ஆதாயத்தைக் கேட்டும் வாங்கலாம்.

இதை நம் தொழிலில் பொருத்திப் பாருங்கள். கிச்சனுக்குத் தண்ணீர் தாங்கும் 710 கிரேடு பிளைவுட் போட்டோம் என்று பில் போடுபவர் நீங்கள். பொருள் சரியாக வந்தது என்று அவர் சார்பில் கையெழுத்துப் போடுபவரும் நீங்கள். பிளைவுட் கடையில் டிசைனருக்குக் கொடுக்கும் கமிஷன் இருக்கிறதே, அது யாருடைய பணம்? ஒப்பந்ததாரராக மட்டும் இருக்கும் வரை அது உங்களுக்கும் கடைக்காரருக்கும் நடுவில் உள்ள விஷயம் என்று வாதாட இடம் உண்டு. அவர் பவரை வைத்துக்கொண்டு அவருக்காக வாங்கிய பொருளில் வந்த கமிஷன் என்றால் அந்த வாதம் நிற்பது கஷ்டம். வேலை சுத்தமாக இருந்தாலும், நாளைக்கு ஒரு அலமாரி ஷட்டர் வளைந்தால் முதலில் சந்தேகம் வருவது அந்தக் கையெழுத்தின் மேல்தான்.

இன்னொன்று, பவரே தேவையில்லாத இடத்தில்தான் பெரும்பாலும் பவர் பேச்சு வருகிறது. வரைபடத்துக்குச் சம்மதம், லேமினேட் நிறம், மதிப்பீட்டுக்கு ஒப்புதல், தவணைப் பணம் எல்லாவற்றையும் அவர் துபாயில் உட்கார்ந்தபடியே முடிக்கலாம். மின்னஞ்சலில் ஏற்படும் ஒப்பந்தமும் தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி செல்லும். வாட்ஸப்பில் கட்டைவிரல் படம் வந்தால் அதோடு நிற்காமல், "இந்த வரைபடம், இந்தத் தொகை, சம்மதம்" என்று ஒரு மின்னஞ்சல் வாங்கிவிடுங்கள். சரி, எதற்குத்தான் பவர் வேண்டும்? மின்வாரியத்தில் சிங்கிள் ஃபேஸை த்ரீ ஃபேஸாக மாற்றுவது, சுவரை இடித்துக் கட்ட மாநகராட்சியிலோ பஞ்சாயத்திலோ அனுமதி கேட்பது, வங்கிக் கடன் என்று உரிமையாளர் கையெழுத்து வேண்டிய இடங்களுக்கு.

அப்புறம், வீடு யார் பெயரில் இருக்கிறது என்று முதலிலேயே கேளுங்கள். பணம் அனுப்புவது மகன், பத்திரம் அப்பா பெயரில் என்பது நம் பக்கம் நிறைய உண்டு. அப்படியானால் மகன் எழுதித் தரும் பவரால் அந்த வீட்டு விஷயத்தில் ஒன்றும் ஆகாது, ஏனென்றால் வீடு அவருடையது இல்லை. மகனோடு வேலை ஒப்பந்தம் போட்டுக்கொண்டு, அப்பாவிடம் ஒரு சம்மதக் கடிதம் வாங்கினால் போதும். ஆபீசில் கையெழுத்து வேண்டிய இடத்தில் அப்பாவே போட்டுவிடுவார்.

வீடு அவர் பெயரில்தான், பவர் அவசியம்தான் என்றால், வாப்பாவோ மச்சானோ, தினம் சைட்டுக்கு வந்து போகக்கூடிய ஒருவர் பெயரில் ஸ்பெஷல் பவராக, அதாவது குறிப்பிட்ட வேலைக்கு மட்டுமான பவராக எழுதச் சொல்லுங்கள். பத்திர எழுத்தர்கள் பழக்கதோஷத்தில் ஜெனரல் பவர் வாசகத்தையே எடுத்து நீட்டிவிடுவார்கள். அதில் விற்பனை, அடமானம், வாடகை எல்லாம் இருக்கும். நம் வேலைக்கு அதில் ஒரு வரிகூட வேண்டாம். தமிழ்நாட்டில் அசையாச் சொத்து சம்பந்தப்பட்ட பவரைப் பதிவு செய்தாக வேண்டும் என்ற விதி வேறு இருக்கிறது; வெளிநாட்டில் எழுதிய பவருக்கு அதில் விலக்கு உண்டு. வாசகத்தை ஒரு வக்கீலிடம் காட்டி, பதிவு வேண்டுமா என்று கேட்டுக்கொள்வது நல்லது. பவரில் எந்த வீடு, எந்த வேலை, எந்தெந்த அலுவலகம், எந்தத் தேதி வரை என்று இருக்க வேண்டும். கூடுதல் வேலைக்கு மச்சான் எவ்வளவு தொகை வரை சம்மதிக்கலாம் என்ற வரியை விட்டுவிடாதீர்கள். "இங்க ஒரு லாஃப்ட் போட்டுருங்க, அங்க ஒரு பூஜை செல்ஃப்" என்று நின்ற இடத்தில் சொல்லிவிடுவார்கள். பில் போகும்போது துபாயில் இருப்பவர் "நான் சொல்லலியே" என்பார். அந்த ஒரு வரி இருந்தால் இந்தச் சண்டையே வராது.

துபாயில் எழுதும் பவருக்கு அங்குள்ள இந்தியத் துணைத் தூதரகத்தின் சான்று வாங்குவது வழக்கம். அசல் இங்கே வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டிவிட வேண்டும். கூரியரில் வந்த உறையை பீரோவில் வைத்துவிட்டு மறந்துபோகிற குடும்பங்கள் உண்டு, ஞாபகப்படுத்துங்கள். கடன் வாங்குகிறார் என்றால் வங்கி தன்னுடைய வாசகத்தில்தான் கேட்கும். அதை முன்னாலேயே வாங்கி அனுப்பினால் இரண்டு முறை எழுத வேண்டியிருக்காது.

உங்கள் பக்கத்துக்கும் ஒன்று சொல்கிறேன். உங்களுக்கு வந்த செக் திரும்பி, நீங்கள் ஊரில் இல்லை என்றால், உங்கள் சைட் மேனேஜர் பவர் வைத்து வழக்குப் போடலாம். ஆனால் 2013-ல் ஏ.சி. நாராயணன் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: பவர் வைத்திருப்பவர் சாட்சி சொல்ல வேண்டுமானால் அந்தப் பணப் பரிமாற்றத்தை நேரில் பார்த்திருக்க வேண்டும், அல்லது அதைப் பற்றி முறையாகத் தெரிந்திருக்க வேண்டும்; அந்த விவரம் புகாரிலேயே இருக்க வேண்டும். அதனால் பேரம் பேசும்போதும் செக் வாங்கும்போதும் கூடவே இருந்த ஆளுக்குக் கொடுங்கள். சொந்தம் என்பதற்காக, கடைப்பக்கமே வராத மாமாவுக்குக் கொடுத்தால் கோர்ட்டில் நிற்காது.

கடைசியாக, பவர் எப்போது முடியும் என்பது. எழுதித் தந்தவர் இறந்தாலோ மனநிலை பிறழ்ந்தாலோ முகவரின் அதிகாரம் முடிந்துவிடும். அவர் உயிரோடு இருக்கும்போதே ரத்து செய்தால், அது உங்களுக்குத் தெரியவரும் வரை மச்சானை நம்பி நீங்கள் செய்தது செல்லும். எப்போது தெரிந்தது என்பதில்தான் தகராறு வரும். ஆகவே வேலை ஒப்பந்தத்திலேயே "பவரை ரத்து செய்தால் இந்த மின்னஞ்சலுக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும், அதுவரை பவர் வைத்திருப்பவர் கையெழுத்திட்ட கூடுதல் வேலைக்கு நான் பணம் தருவேன்" என்று ஒரு வரி சேர்த்து, துபாய்க்காரரிடமே கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.